சோறு உடம்பில் சேர்வது எப்படி?



நம்மவர் இருவர் காலையில் சந்தித்தால், "பசியாறியாச்சா?" என்பதே முதல் கேள்வி. "ஆச்சு" என்று பதில் வந்துவிட்டால் அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை. பசி ஆறுவது ஒன்று. தின்ற சோறு உடம்பில் சேர்ந்து பலமாக மாறுவது மற்றொன்று. வயிறாரச் சோறு உண்டவர்களே கால் மரத்து, உடல் வீங்கி, நெஞ்சடைத்துக் கூட்டம் கூட்டமாக மாண்டுபோன காலம் இந்த மலாயா நாட்டில் இருந்தது. அதே காலத்தில், நம் தோட்டத்துப் பாட்டன் பூட்டன்மாரை அந்த நோய் பெரும்பாலும் தீண்டவில்லை. காரணம், அவர்கள் உலையில் போட்ட அரிசி.

அந்தக் கதைக்கு வருவதற்கு முன், ஒரு பிடி சோறு நம் உடம்புக்குள் என்ன ஆகிறது என்று பார்த்துவிடுவோம். வெறுஞ்சோறாகவே வைத்துக்கொள்வோம். குழம்பும் கறியும் பிறகு வரட்டும்.

வாயில் போட்ட சோற்றைப் பல் அரைக்கிறது என்பது சிறு பிள்ளைக்கும் தெரியும். பல்லோடு சேர்ந்து உமிழ்நீரும் வேலை செய்கிறது. காதுக்குக் கீழேயும், தாடைக்கு அடியிலும், நாக்குக்கு அடியிலும் உள்ள சுரப்பிகளிலிருந்து ஒரு நாளில் ஏறக்குறைய 1 லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை உமிழ்நீர் சுரக்கிறது. எச்சில் என்று நாம் முகம் சுளிக்கும் அந்த நீரில் அமிலேஸ் என்னும் நொதிப்பொருள் இருக்கிறது. சோற்றில் உள்ள மாவுச்சத்து என்பது என்ன? சர்க்கரைத் துணுக்குகளை நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் மணிமாலை போலக் கோத்து வைத்த சங்கிலிதான். அமிலேஸ் அந்தச் சங்கிலியை அங்கங்கே அறுக்கிறது. ஒரு வாய் வெறுஞ்சோற்றை விழுங்காமல் ஐம்பது தடவை மென்று பாருங்கள். யாரும் சீனி போடாமலேயே சோறு மெல்ல இனிக்கத் தொடங்கும். இதைக் கண்ணாலேயே காண்பதற்கு ஒரு சோதனை இருக்கிறது. மாணவர்கள் தாளும் பென்சிலும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பேச்சின் கடைசியில் சொல்கிறேன்.

எங்கள் பள்ளிச் சிற்றுண்டிச் சாலையில் மீயை மெல்லாமல் உறிஞ்சி விழுங்கிவிட்டு விளையாட ஓடும் பிள்ளைகளைத் தினமும் பார்க்கிறேன். பல்லின் வேலையைப் பல்தான் செய்ய வேண்டும். வயிற்றில் பல் கிடையாது.

விழுங்கிய கவளம் உணவுக்குழாய்க்குள் இறங்குகிறது. ஏறக்குறைய 25 சென்டிமீட்டர் நீளம். மாணவர்கள் வைத்திருக்கும் அடிக்கோலைவிடச் சற்றுக் குறைவு. கிணற்றில் கல் விழுவதுபோல் உணவு தானாக விழுவதில்லை. குழாயின் தசைகள் கவளத்துக்குப் பின்னால் இறுகியும் முன்னால் தளர்ந்தும் அதைத் தள்ளிக்கொண்டு போகின்றன. அதனால்தான் படுத்துக்கொண்டு விழுங்கினாலும் சோறு வயிற்றுக்கே போகிறது.

அடுத்தது இரைப்பை. இங்கே ஊறும் நீரில் கடுமையான அமிலம் உண்டு. பெப்சின் என்னும் நொதிப்பொருளும் உண்டு. இறைச்சி, மீன், முட்டை, பருப்பு ஆகியவற்றின் புரதத்தை உடைக்கத் தொடங்குவது இந்த இரண்டும் சேர்ந்துதான். நம் வெறுஞ்சோற்றுக்கோ இது காத்திருக்கும் இடம். உமிழ்நீரின் வேலை அமிலம் பட்டதும் நின்றுவிடுகிறது. இரைப்பை அதைப் பிசைந்து கூழாக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே அனுப்புகிறது. வெறுஞ்சோறு சில மணி நேரத்தில் போய்விடும். எண்ணெயும் கொழுப்பும் சேர்ந்தால் அதிக நேரம் தங்கும். ஆட்டுக்கறி தின்ற நாளில் அடுத்த வேளைப் பசி தாமதமாக வருவதன் காரணம் இதுவே.

மூடிய வயிற்றுக்குள் நடப்பது எப்படித் தெரிந்தது என்று கேட்கலாம். 1822ஆம் ஆண்டு ஜூன் 6ஆம் நாள், அமெரிக்காவில் மாக்கினாக் என்னும் தீவில், அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்ற கூலித் தொழிலாளியின் வயிற்றில் தவறுதலாகத் துப்பாக்கிக் குண்டு பாய்ந்தது. வில்லியம் பூமண்ட் என்ற இராணுவ மருத்துவர் அவரைப் பிழைக்க வைத்தார். ஆனால் புண் மூடாமல் இரைப்பைக்குள் ஒரு துவாரம் நிலைத்துவிட்டது. மருத்துவர் உணவுத் துண்டுகளைப் பட்டு நூலில் கட்டி அந்தத் துவாரத்தின் வழியே உள்ளே விட்டு, நேரம் பார்த்து வெளியே இழுத்து, எவ்வளவு கரைந்திருக்கிறது என்று குறித்துக்கொண்டார். 1833இல் அதை நூலாகவும் வெளியிட்டார். அந்தத் தொழிலாளி கோபமாக இருக்கும்போது செரிமானம் கெடுவதையும் அவர் கவனித்தார். சாப்பிடும் நேரத்தில் வீட்டில் சண்டை வேண்டாம் என்று பெரியவர்கள் சொல்வதற்கு இப்படி ஒரு சாட்சி! மருத்துவர் 1853இல் காலமானார். வயிற்றில் துவாரத்தோடு வாழ்ந்த தொழிலாளியோ 1880 வரை இருந்தார்.

இனி வருவதுதான் முக்கியமான இடம். ஆனால் அதற்கு முன் ஒன்றைச் சொல்ல வேண்டும். வாயிலிருந்து மலவாய் வரை ஒரே குழாய். இரு முனைகளும் வெளியே திறந்திருக்கின்றன. ஆகவே இரைப்பையில் கிடக்கும் சோறு இன்னும் உடம்புக்குள் வந்து சேரவில்லை. குளுவாங் கடைத்தெருவில் கடைகளுக்கு முன்னே கூரை போட்ட அஞ்சடியில் ஒருவர் நடந்து போகிறார். கூரைக்குக் கீழேதான் நடக்கிறார். ஆனால் எந்தக் கடைக்குள்ளும் நுழையவில்லை. நம் சோறும் இதுவரை அப்படித்தான் நடந்து வந்திருக்கிறது. உள்ளே நுழையும் வாசல் சிறுகுடலில் இருக்கிறது.

பெயர்தான் சிறுகுடல், நீளம் ஏறக்குறைய 6 மீட்டர், அதாவது சுமார் 20 அடி. பெருங்குடலைவிட ஒடுங்கியது என்பதால் இந்தப் பெயர். இதன் தொடக்கத்தில் இரண்டு நீர்கள் வந்து கலக்கின்றன. கல்லீரலில் உண்டாகி, பித்தப்பையில் தங்கி வரும் பித்தநீர், எண்ணெய்ப் பிசுக்குள்ள சட்டியில் சோப்பு செய்யும் வேலையைச் செய்கிறது. கொழுப்பைச் சின்னஞ்சிறு துளிகளாகப் பிரித்துவிடுகிறது. கணையத்திலிருந்து வரும் நீர் இரைப்பை அமிலத்தின் கடுமையைத் தணிக்கிறது. வாயில் தொடங்கி வயிற்றில் நின்றுபோன மாவுச்சத்து உடைக்கும் வேலையை மறுபடியும் தொடங்கி வைப்பதும் இந்த நீரே. கடைசியில் சோறு என்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. குளுக்கோஸ் என்னும் எளிய சர்க்கரையாகக் கரைந்துவிடுகிறது.

சிறுகுடலின் உட்சுவரை விரலால் தடவ முடிந்தால், வெல்வெட் துணி போல இருக்கும். அரை மில்லிமீட்டரிலிருந்து ஒரு மில்லிமீட்டர் உயரமுள்ள குடலுறிஞ்சிகள் அங்கே இலட்சக்கணக்கில் நிற்கின்றன. ஒவ்வொன்றின் மேலும் கண்ணுக்குத் தெரியாத இன்னும் நுண்ணிய மயிர்கள். இந்த மடிப்புகளையெல்லாம் விரித்துப் போட்டால் ஏறக்குறைய 30 சதுர மீட்டர் வரும். சிறிய வகுப்பறை ஒன்றின் தரை அளவு! இந்தச் சுவரின் வழியாகத்தான் சர்க்கரையும், உடைந்த புரதமும், உப்புகளும், உயிர்ச்சத்துகளும் இரத்தத்துக்குள் நுழைகின்றன. இரத்தம் அவற்றை முதலில் கல்லீரலுக்குக் கொண்டு போகிறது. கல்லீரல் தோட்டத்து ஸ்டோர் போல; வந்ததில் ஒரு பங்கைப் பூட்டி வைத்து, வேண்டும்போது அளந்து கொடுக்கிறது.

நுழையாமல் எஞ்சிய நாரும் நீரும் பெருங்குடலுக்குப் போகின்றன. அங்கே நீர் உறிஞ்சப்படுகிறது. கோடானுகோடி நுண்ணுயிர்கள் மிச்சத்தில் தங்கள் பங்கை எடுத்துக்கொள்கின்றன. ஆறிப்போன சோற்றில் மாவுச்சத்தின் ஒரு பகுதி இறுகிவிடுவதால் சிறுகுடலில் அது உடைவதில்லை. அதுவும் இந்த நுண்ணுயிர்களுக்கே தீனியாகிறது. முதல் நாள் சோற்றில் தண்ணீர் ஊற்றிக் காலையில் உண்டவர்கள் வயிற்றுக்குச் சுகம் என்று சொன்னதில் விஷயம் இல்லாமல் இல்லை.

சர்க்கரை இரத்தத்தில் சேர்ந்தாயிற்று. செரிமானம் முடிந்தது என்று பாடநூல் இந்த இடத்தில் முடித்துக்கொள்ளும். நாம் முடிக்க முடியாது. சர்க்கரை என்பது விறகுதான். விறகு வீட்டில் அடுக்கிக் கிடந்தால் உலை கொதித்துவிடுமா? பற்ற வைக்க வேண்டும் அல்லவா? உடம்பின் ஒவ்வோர் உயிரணுவிலும் சர்க்கரை எரிந்து பலமாக மாறுவதற்குத் தயமின் என்னும் பி1 உயிர்ச்சத்து வேண்டும். மிகச் சொற்பம்தான், வளர்ந்தவருக்கு ஒரு நாளைக்கு 1 மில்லிகிராமுக்குச் சற்று மேல். ஆனால் உடம்பு அதைச் சேமித்து வைப்பதும் சொற்பமே. மொத்த இருப்பு 30 மில்லிகிராம் அளவுதான். வரவு நின்றுபோனால் சில வாரங்களில் கையிருப்பு கரைந்துவிடும். சோறு அதிகமாகத் தின்னத் தின்ன, எரிக்க வேண்டிய சர்க்கரை அதிகம்; ஆகவே பி1 உயிர்ச்சத்தும் அதிகமாகத் தேவைப்படும். தவிடு நீங்கிய வெள்ளைச் சோற்றையே வயிறு நிறைய உண்பவர், விறகை மேலும் மேலும் அடுக்கிக்கொண்டு தீக்குச்சி இல்லாமல் நிற்பவர் ஆகிறார்.

முதலில் தடுமாறுவது, சர்க்கரையை ஓயாமல் எரிக்க வேண்டிய நரம்புகளும் இதயமும். கால் மரக்கும், நடை தளரும், குந்தி உட்கார்ந்தவர் எழ முடியாமல் தவிப்பார். சிலருக்குக் காலும் வயிறும் வீங்கி, மூச்சு முட்டி, இதயம் நின்றுவிடும். இதற்குப் பெரிபெரி என்று பெயர். "முடியவில்லை, முடியவில்லை" என்று பொருள்படும் சிங்களச் சொல்லிலிருந்து வந்தது என்பார்கள்.

நூறாண்டுகளுக்கு முன் மலாயாவின் ஈயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளரை இந்த நோய் வாரிக்கொண்டு போனது. சிறைச்சாலைகளிலும் மருத்துவமனைகளிலும் அதே கதை. தொற்றுநோய் என்று சிலர் எண்ணினர். இடத்தின் ஈரம் என்றனர் சிலர். நம் ஜொகூருக்கு அண்டை மாநிலம் நெகிரி செம்பிலான். சிகாமட்டிலிருந்து இரயிலில் வடக்கே போனால் கிம்மாஸ், அதுவே அந்த மாநிலத்தின் எல்லைப்புறம். அந்த மாநிலத்தின் தலைமை மருத்துவராக இருந்த லெனார்ட் பிராடன் என்பவர் வேறொன்றைக் கவனித்தார். ஒரே வெயில், ஒரே மழை, ஒரே ஊர். ஆனால் நோய் மட்டும் எல்லாரையும் ஒரேபோல் பிடிக்கவில்லை. ஆலையில் தீட்டிய சயாம் வெள்ளை அரிசியை வாங்கி உண்ட சீனருக்கு நோய் வந்தது. தாங்களே விளைவித்து, தாங்களே குற்றித் தவிடு ஓரளவு ஒட்டிய அரிசியை உண்ட மலாய்க் கிராமத்தாருக்கு அரிதாகவே வந்தது. இந்தியாவிலிருந்து வந்த புழுங்கல் அரிசியை உண்ட தமிழ்த் தொழிலாளருக்கும் அரிதாகவே வந்தது.

ஆக, குற்றவாளி அரிசிதான் என்று பிராடன் 1907இல் ஒரு பெரிய நூலே எழுதினார். இடத்தைச் சரியாகக் காட்டினார், காரணத்தில் தவறிவிட்டார். பழைய வெள்ளை அரிசியில் பூஞ்சையால் ஏதோ நஞ்சு உண்டாகிறது என்று அவர் நம்பினார். இல்லாத ஒன்று ஆளைக் கொல்லும் என்று நினைப்பது அந்த நாளில் எவருக்கும் எளிதாக இல்லை.

கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் இருந்த வில்லியம் பிளெட்சர் என்ற மருத்துவர் இதைச் சோதித்துப் பார்க்க முனைந்தார். 1905 டிசம்பர் மாதம் நோயாளிகளைச் சாப்பாட்டுக் கொட்டகையில் வரிசையாக நிறுத்தி, ஒன்று, இரண்டு, மூன்று என எண்ணச் செய்தார். ஒற்றைப்படை எண்காரர்கள் ஒரு விடுதிக்கு. இரட்டைப்படை எண்காரர்கள் எதிர் விடுதிக்கு. கறியும் காயும் ஒன்றே. அரிசி மட்டும் வேறு. ஒரு விடுதியில் சயாம் வெள்ளை அரிசி, மற்றதில் இந்தியப் புழுங்கல் அரிசி. பாதி ஆண்டு கழிந்ததும், கட்டடத்தில்தான் ஏதோ கோளாறு என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்பதற்காக, இரு சாராரையும் விடுதி மாற்றினார், அரிசியை மாற்றவில்லை. ஓர் ஆண்டு முடிவில், வெள்ளை அரிசி உண்டவர்களில் பலருக்குப் பெரிபெரி கண்டது. 18 பேர் இறந்தார்கள். புழுங்கல் அரிசி உண்டவர் பக்கத்தில் ஒருவர்கூட அந்த நோயால் இறக்கவில்லை. தெளிவான சோதனை என்று மருத்துவ நூல்கள் இதைப் பாராட்டுகின்றன. இதைப் படிக்கும்போதெல்லாம், தன் தட்டில் என்ன விழுகிறது என்று கேட்கவும் வழியில்லாத அந்த 18 பேரின் நினைவுதான் எனக்கு முதலில் வருகிறது. இன்றைக்கு இப்படி ஒரு சோதனை நடத்த எந்த மருத்துவருக்கும் அனுமதி கிடைக்காது.

கோலாலம்பூரில் 1900இல் தொடங்கிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த ஹென்றி பிரேசர், தாமஸ் ஸ்டாண்டன் என்ற இருவர் 1907 முதல் இதையே இன்னொரு வகையில் ஆராய்ந்தார்கள். நெகிரி செம்பிலான் காட்டுக்குள் சாலை போட வந்த ஏறக்குறைய 300 ஜாவானியத் தொழிலாளரை இரு பிரிவாக்கினர். வெள்ளை அரிசிப் பிரிவில் சுமார் மூன்று மாதத்தில் நோய் தலைகாட்டியது. புழுங்கல் பிரிவில் இல்லை. அரிசியை மாற்றிக் கொடுத்தபோது நோயும் பிரிவு மாறியது. பிறகு கோழிகளை வைத்துச் சோதித்து, ஆலையில் தீட்டி எறியும் தவிட்டில்தான் நோயைத் தடுக்கும் பொருள் இருக்கிறது என்று காட்டினார்கள்.

கோழி விஷயத்தில் ஜாவா முந்திக்கொண்டது. பத்தேவியாவில், அதாவது இன்றைய ஜக்கார்த்தாவில், ஐக்மன் என்ற டச்சு மருத்துவர் 1890களில், மருத்துவமனையில் மிஞ்சிய வெள்ளைச் சோற்றைத் தின்ற கோழிகள் கால் தளர்ந்து விழுவதைக் கண்டார். புதிதாக வந்த சமையற்காரர், இராணுவச் சோற்றை ஊர்க்கோழிக்குப் போடுவதா என்று மறுத்துவிட்டாராம். தீட்டாத அரிசி தின்ற கோழிகள் எழுந்து நடந்தன! அந்த ஐக்மனுக்கு 1929இல் நோபல் பரிசு கிடைத்தது. தவிட்டில் மறைந்திருந்த பி1 உயிர்ச்சத்தை 1926இல் அதே பத்தேவியாவில் தனியே பிரித்தெடுத்தார்கள். அதன் அமைப்பை 1936இல் கண்டு சொன்ன ராபர்ட் வில்லியம்ஸ், அந்நாளைய சென்னை மாகாணத்து நெல்லூரில் பிறந்தவர்.

புழுங்கல் அரிசியிலும் தவிடு தீட்டப்படுகிறதே, பிறகு எப்படி அது காப்பாற்றியது என்று கேட்பீர்கள். நெல்லை உமியோடு ஊறவைத்து, உமியோடு அவித்து, உலர்த்தி, அதன் பிறகே குற்றுகிறார்கள். பி1 உயிர்ச்சத்து தண்ணீரில் கரையக்கூடியது. ஊறும்போதும் அவியும்போதும் அது தவிட்டிலிருந்து அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. மாவுச்சத்தும் வெந்து இறுகி அதை உள்ளேயே பிடித்துக்கொள்கிறது. பிறகு தவிட்டைத் தீட்டினாலும் பெரும்பகுதி மணிக்குள் பத்திரமாக இருக்கும். நெல் அவித்த நம் பாட்டிமாருக்கு உயிர்ச்சத்து என்ற சொல் தெரியாது. அவித்த நெல் குற்றும்போது நொய்யாவதில்லை, பூச்சியும் எளிதில் பிடிப்பதில்லை என்று அவித்தார்கள். அதோடு இதுவும் வந்து சேர்ந்தது.

நம் முன்னோர் நலமாக வாழ்ந்தார்கள் என்று மட்டும் இதை வைத்து எண்ணிவிட வேண்டாம். பெரிபெரியிலிருந்து தப்பியவர்களை மலேரியாவும், கொக்கிப்புழுவும், வயிற்றுக்கடுப்பும் தப்பவிடவில்லை. அந்தப் பாதுகாப்பும் ஒரு காலத்தில் பறிபோனது. ஜப்பானியர் ஆட்சியில் மலாயாவில் அரிசிக்குத் தட்டுப்பாடு வந்தது, மரவள்ளிக்கிழங்கே சோறானது. 1942 நடுவிலிருந்து 1943 அக்டோபர் வரை, சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் இரயில் பாதை போட மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்களைக் கொண்டு போனார்கள். அங்கே கிடைத்தது கெட்டுப்போன வெள்ளை அரிசியும் கொஞ்சம் காயும். காலராவும் மலேரியாவும் பல்லாயிரம் பேரைக் கொன்றன. கூடவே பெரிபெரியும் கால்களை வீங்க வைத்தது. சயாமுக்குப் போய்த் திரும்பிய தாத்தா ஒருவர் உங்கள் குடும்பத்தில் இருந்திருந்தால், கால் வீக்கத்தைப் பற்றி அவர் சொன்னது வீட்டில் யாருக்காவது நினைவிருக்கும்.

இன்றைய நம் நிலை வேறு. ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. லயங்களை விட்டுப் பட்டணத்துக் குடியிருப்புக்குப் போனவர்களும் பலர். கடையில் வாங்குவது பெரும்பாலும் வெள்ளை அரிசி. ஆனாலும் சோற்றோடு பருப்பும், பயறும், முட்டையும், மீனும் சேர்கின்றன. இவற்றிலெல்லாம் பி1 உண்டு. நிலக்கடலையில் நிறையவே உண்டு. ஆகவே பெரிபெரி இன்று அரிது. ஆனால் அற்றுப்போகவில்லை. அது இன்றும் ஒளிந்திருக்கும் இடம் ஒன்று உண்டு. அதைச் சொல்லாமல் விடுவது சரியல்ல. சம்சு குடிப்பவர் சோற்றைத் தள்ளிவிடுகிறார். உண்ட கொஞ்சத்திலிருந்தும் பி1 சிறுகுடலின் சுவரைக் கடந்து போகாதபடி மது தடுக்கிறது. கை நடுங்குவதையும், நடை தள்ளாடுவதையும், நினைவு தடுமாறுவதையும் "போதைதான், விடிந்தால் சரியாகும்" என்று வீட்டார் விட்டுவிடுகிறார்கள். குடிக்காத நாளிலும் அப்படி இருந்தால், கண் பார்வை இரட்டையாகத் தெரிந்தால், தாமதிக்காமல் மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். நேரத்தோடு போனால் பி1 ஊசி போட்டுக் காப்பாற்ற முடியும். தாமதித்தால் போன நினைவு திரும்பாமலே போகலாம்.

இன்னொரு பக்கம், விறகு மிதமிஞ்சிப் போன கவலை. 2019ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் வயது வந்தோரில் 100க்கு 18 பேருக்கு நீரிழிவு. இந்தியரிடையே அது இன்னும் அதிகம். புழுங்கல் சோறு பொதுவாக வெள்ளைச் சோற்றைவிடச் சற்று மெதுவாகவே சர்க்கரையாகிறது. அதற்காக அதை மருந்து என்று இரண்டு தட்டுச் சாப்பிட்டால், இரத்தத்தில் சேர்வது அதே சர்க்கரைதான். வெயிலில் மரம் வெட்டி, பால் வாளி சுமந்தவர் உண்ட அளவை, தொழிற்சாலைப் பேருந்தில் போய் உட்கார்ந்து வேலை பார்ப்பவர் உண்ண வேண்டியதில்லை.

தாய்மார்களுக்குச் சமையல் பற்றி ஒரு வார்த்தை. பி1 தண்ணீரில் கரையும் என்றேன். வெள்ளை அரிசியைத் தண்ணீர் தெளியும்வரை ஐந்தாறு தடவை கசக்கிக் கழுவினால், இருக்கும் கொஞ்சமும் சாக்கடைக்குப் போய்விடும். கல், தூசி போக ஒன்றிரண்டு தடவை அலசினால் போதும். கஞ்சி வடித்தால் அந்தக் கஞ்சியை ஊற்றிவிடாதீர்கள். உப்புப் போட்டுக் குடிக்கலாம், இரசத்திலும் சேர்க்கலாம். புழுங்கல் அரிசியில் இந்த இழப்பு குறைவு.

இப்போது மாணவர்களுக்கு அந்தச் சோதனை. வடித்த கஞ்சியை ஆறவைத்து, தண்ணீர் நிறையச் சேர்த்து நீர்க்கச் செய்து, இரண்டு சிறு கிண்ணங்களில் ஊற்றுங்கள். ஒன்றில் உங்கள் உமிழ்நீரைச் சிறிது சேர்த்து நன்றாகக் கலக்குங்கள். மற்றதை அப்படியே விடுங்கள். இருபது நிமிடம் காத்திருங்கள். பிறகு புண்ணுக்குப் போடும் அயோடின் மருந்தில் ஒரு சொட்டு வீதம் இரண்டிலும் விடுங்கள். பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். சோதித்த கஞ்சியை யாரும் வாயில் வைக்கக் கூடாது, கொட்டிவிடுங்கள். உமிழ்நீர் சேராத கிண்ணம் கருநீலமாக மாறும். அதில் மாவுச்சத்து அப்படியே இருக்கிறது. உமிழ்நீர் சேர்ந்த கிண்ணத்தில் நீலம் மங்கியிருக்கும், அல்லது வராமலேயே போகும். உங்கள் வாயிலிருந்து வந்த நீர் அந்தச் சங்கிலியை அதற்குள் அறுத்துவிட்டது. நீலம் வந்துவிட்டால் கஞ்சியை இன்னும் நீர்க்கச் செய்து, அரை மணி நேரம் பொறுத்து மறுபடியும் பாருங்கள்.